நான் அழித்த முதலை

முதலையைப் படம் எடுக்கும்போது ஒற்றைக் கண்ணை மூடக் கூடாது. இதை எனக்குச் சொன்னவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான ஒரு வனக் காவலர். இருபது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எடுத்துத் தள்ளியவள் நான். எனக்கே கேமரா பிடிக்கச் சொல்லித் தருகிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. அவர் சொன்ன காரணத்தைக் கேட்டதும் அடங்கிவிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் கேமராவில் ஒட்டிவிட்டால், முதலை அந்தச் சதுரத்துக்குள் இருக்கிறது, நாம் வேறெங்கோ இருக்கிறோம் என்று மனசு நம்பிவிடுமாம். நம் கால் இருப்பதும் அதன் கால் இருப்பதும் ஒரே சேற்றில் என்பது மறந்துபோகுமாம். சரியான பேச்சு. மண்டபத்தில் நான் எத்தனையோ முறை அப்படி மறந்து, பின்னால் நகர்ந்து சாம்பார் வாளியில் இடித்திருக்கிறேன். சாம்பார் வாளி கடிக்காது.

செஞ்சியில் முதலையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். எங்கள் பக்கத்து ஏரிக்கு அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெருமழையில் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம் என்றார்கள். யாரோ குட்டியாகக் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்றார்கள். வந்தது வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது அது வந்த கதை அல்ல, வந்ததை இல்லை என்று நான் ஆக்கிய கதை.

திண்டிவனம் ரோட்டில் என் ஸ்டுடியோ. பெயர்ப் பலகை இருந்தாலும் ஊரில் அதற்குப் பெயர் பொம்பளை ஸ்டுடியோதான். எடுக்கிற வேலையைவிட எடுத்ததைச் சரிசெய்கிற வேலை எனக்கு நன்றாக வரும். பெண்ணின் முகத்தில் பரு இருந்தால் எடுத்துவிடுவேன். மாப்பிள்ளைக்கு முன்நெற்றி ஏறியிருந்தால் நாலு முடி நட்டுக்கொடுப்பேன். போன வருடம் செத்துப்போன அப்பாவை இந்த வருடக் கல்யாண மேடையில், பட்டு வேட்டியோடு நிற்க வைப்பேன். அந்தப் படத்தைப் பார்த்து அழாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இதற்கெல்லாம் நாங்கள் வைத்திருக்கும் பெயர் க்ளீன் பண்ணுவது. அந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளியே கூட்டிப்போய் எடுக்கும் வழக்கம் இப்போது கிராமம் வரை வந்துவிட்டது. கோட்டைக்குள் பெரிய கேமரா கொண்டுபோக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. ஊருக்கு வடக்கே மேல்மலையனூர் ரோட்டை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் நிற்க வைத்தால் பின்னால் தண்ணீர், தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள், அதற்கும் பின்னால் கோட்டை மலை. ஒரு காசு செலவில்லாத செட்டிங். என் படங்களில் பாதிக்கு அந்த ஏரிதான் பின்னணி.

அந்த ஐப்பசியிலும் அப்படி ஒரு ஜோடி. மாப்பிள்ளை ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்பவர். லீவு முடிவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று, தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை அன்றே வரச் சொன்னார்கள். வெயில் சாயும் நேரம் நல்ல வெளிச்சம் கிடைத்தது. ஒரு படம் எனக்கே பிடித்துப்போய், தை மாதக் கல்யாணத்துக்கு அதைத்தான் பேனராக அடிக்கலாம் என்று வைத்திருந்தேன். அந்தப் படத்தை உட்கார்ந்து ஒரு ராத்திரியில் க்ளீன் பண்ணினேன். மிதந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தேன், குறுக்கே போன கரண்ட் கம்பியை எடுத்தேன், கருவேல மரத்தடி மண்மேட்டை ஒட்டிக் கிடந்த ஒரு பனங்கட்டையை எடுத்தேன். இன்னும் சிலதையும் எடுத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

இனி ஆட்டுக்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நான்தான் படம் எடுத்தேன். சொந்தமாக நாலு ஆடு, அதோடு ஊராருடைய ஆடுகளை வாரத்துக்கு வளர்ப்பார். வாரம் என்றால், ஆடு உடையவருடையது, மேய்த்து வளர்ப்பது இவர், போடுகிற குட்டிகளில் இருவருக்கும் பங்கு. இந்த ஏற்பாட்டுக்கு எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஒரு குட்டி செத்துப் பிறந்தது என்று அவர் சொன்னால், செத்துப் பிறந்தது என்று உடையவர் நம்ப வேண்டும். நம்பிக்கை போனால் தொழில் போச்சு.

அவரிடம் ஆறு ஆடு விட்டிருந்தவர் உரக்கடைக்காரர். கார்த்திகை அமாவாசை அன்று அவருடைய ஆடு ஒன்று காணாமல் போனது. மேய்ந்துகொண்டே போயிருக்கும், வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. மார்கழி அமாவாசை அன்று இன்னொன்று போனது. இந்த முறை அக்கா பார்த்துவிட்டார். தண்ணீர் குடிக்க இறங்கிய ஆட்டை ஏதோ ஒன்று கழுத்தோடு பிடித்து உள்ளே இழுத்துப்போனதாகவும், அது முதலைதான் என்றும் ஓடிவந்து சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

உரக்கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் கணக்கு வேறு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் குவிகிறது. நேர்ந்துகொண்டவர்கள் கடாவுக்கு அலைகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாலும் விற்றுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆடு காணாமல் போனது இரண்டு முறையும் அமாவாசை அன்றுதான் என்றால், ஆட்டை முழுங்கியது எந்த முதலை என்று அவர் ஊரில் நாலு பேரிடம் கேட்டார். கேட்ட நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அக்கா அவரிடம், ஏரிப் பக்கம் வந்துபோகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்க வந்தது என்னை. ஒரு காலையில் இரண்டு பேரும் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்கள். எனக்குத் தலைக்கு மேல் வேலை, ஆல்பம் பைண்டிங்குக்குப் போக வேண்டும். உரக்கடைக்காரர், நீதானே எப்பவும் அங்கே படம் எடுக்கிறாய், முதலை கிதலை கண்ணில் பட்டதா என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முதலையா? ஓணான்கூட பாத்ததில்ல சார்" என்றேன். அவர் சிரித்தார். அக்கா படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். என் வாய் எப்போதும் இப்படித்தான், மூளைக்கு முன்னால் ஓடிவிடும்.

அதற்குப் பிறகு உரக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். தை அமாவாசைக்கு மலையனூருக்கு வரட்டும், அம்மன் சந்நிதிக்கு எதிரே சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, ஆட்டை விற்கவில்லை என்று சத்தியம் செய்யட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றார். ஊருக்கு இது நியாயமாகப் பட்டது. அக்கா மாட்டேன் என்றார். சத்தியம் செய்யப் போனவள் என்று ஒருமுறை பேர் வந்தால் அது திருடி என்று வந்த பேர்தான், அணைத்த பிறகும் போகாது என்பது அவர் கட்சி. அவர் மறுத்ததையே, திருட்டை ஒப்புக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து தங்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அமாவாசை வந்தால் அவருக்கு மலையனூர் ஸ்பெஷல் டூட்டி தப்பாது. இந்தக் கதையைச் சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். அந்த அக்கா தினமும் ரோட்டைக் கடந்து மலையடிவாரத்தில்தான் மேய்ப்பார், நான் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன், அமாவாசை அன்று மட்டும் ஸ்பெஷல் பஸ் விடாமல் வருவதால் ரோட்டைக் கடக்க முடியாது, அன்றைக்கு ஏரிப் பக்கம்தான் ஓட்டுவார் என்றார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அமாவாசை அன்று ஆடு போனதற்குக் காரணம் கடா வியாபாரம் அல்ல, பஸ். மற்ற நாளில் ஆடுகள் அந்தத் தண்ணீருக்கே போவதில்லை.

அப்போதுதான் பனங்கட்டை நினைவுக்கு வந்தது. அதை அழிக்க நான் கொஞ்சம் பாடுபட்டிருந்தேன், அதனால் மறக்கவில்லை. ஒரு முனையில் இரண்டு முண்டு, நடுவில் வரிசையாகச் சிராய், தண்ணீரில் அதன் நிழல். ஏரிக்கரையில் பனைமரமே கிடையாது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். க்ளீன் பண்ணிய படம் பளபளவென்று இருந்தது. அதன் மூலப் படம் இல்லை. சீசன் நேரத்தில் இடம் பத்தாமல் போனால் பழைய கோப்புகளை அழித்துவிடுவது என் வழக்கம். கார்டையும் துடைத்தாகிவிட்டது. அந்தப் படம் இனி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அன்றே போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாததை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். உண்மை வேறு. வெட்கமாக இருந்தது. புதிதாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் பழையதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை என்று தோன்றியது. தை அமாவாசைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

வனத்துறைக்குப் போன் பண்ணினேன். அவர்கள் அனுப்பியவர்தான் அந்த இளைஞர். பைக்கில் வந்தார், ஏரியைச் சுற்றி நடந்தார், மண்மேட்டுக்கு எதிரே சேற்றில் ஒரு கோடு கிடந்ததைக் காட்டினார். வால் இழுபட்ட தடம் மாதிரி இருந்தது, பாதிக்கு மேல் எருமைகள் மிதித்துப் போட்டிருந்தன. அவர் நம்பினார். ஆனால் கண்ணால் பார்க்காமல் மேலே எழுதி அனுப்ப முடியாது, படம் இருந்தால் அனுப்பலாம் என்றார். குளிர்காலத்தில் வெயில் ஏறியதும் முதலை காய்வதற்குக் கரையேறும், காலை எட்டரைக்கு மேல்தான் பார்க்க முடியும் என்று நேரத்தையும் சொன்னார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீங்கள் பாட்டுக்குப் போய் எடுக்க முடியாது, நான் சொல்கிறபடி கேட்டால் கூட வருகிறேன் என்றார்.

அவர் சொன்னவற்றில் பாதி என் தொழிலுக்கு நேர் எதிர். நல்ல படம் வேண்டும் என்றால் கிட்டப் போ, குனி, தண்ணீர் மட்டத்துக்கு இறங்கு என்பது நாங்கள் படித்த பாடம். அவரோ தண்ணீர் விளிம்பில் இருந்து பதினைந்து அடிக்குள் காலே வைக்கக் கூடாது, கரை மேலேதான் நிற்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்றார். உட்கார்ந்தால் ஆட்டு உயரம் ஆகிவிடுவோமாம். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்கக் கூடாது, அது நம்மைவிட நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். மேலே கிடக்கும் முதலையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனால் உடனே பின்வாங்க வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. பார்க்கிறவரைக்கும் பாதுகாப்பு, மறைந்த பிறகுதான் ஆபத்து.

என் லென்ஸ் மண்டபத்துக்கானது, அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. பாண்டிச்சேரியில் இருந்து முழங்கை நீள லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ரேஷன் அரிசிப் பையில் மணல் நிரப்பி, கரையிலிருந்த மைல்கல் மேல் போட்டு, அதன் மேல் லென்ஸை வைத்தேன். லீவு நாளில் என் வீட்டுக்காரரும் வந்தார். பின்னால் நின்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. கல்யாணத்தன்று பிடித்தது, இத்தனை வருடம் கழித்து ஒரு முதலை வந்து மறுபடி பிடிக்க வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நின்றார். நாலு நாள் காலையில் ஒன்றும் வரவில்லை. நாரையும் நீர்க்காகமும் எடுத்துத் தீர்த்தேன்.

ஐந்தாம் நாள் வந்தது. மண்மேட்டு ஓரத்தில் தண்ணீர் லேசாக விலகியது, அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்லை. பழைய லாரி டயரை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு முதுகு, அவசரமே இல்லாமல் மேலே ஏறி வந்து வெயிலில் படுத்தது. எட்டடிக்குக் குறையாது. சிறிது நேரத்தில் வாயைத் திறந்தது, திறந்தபடியே வைத்திருந்தது. அதற்குக் கோபமோ என்று எனக்குத் தோன்றியது. கோபம் இல்லை, உடம்புச் சூட்டை அப்படித்தான் சரி பண்ணிக்கொள்ளும் என்று காவலர் காதோரம் சொன்னார். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே நாற்பது படம் எடுத்தேன்.

முதலை மூக்கை மூடிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஓரம் சரிந்து, பாதி உடம்பு முழுகிக் கிடந்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அதே முண்டு, அதே சிராய், அதே மேடு. என் பனங்கட்டை.

வனத்துறைக்காரர்கள் படத்தை வாங்கிக்கொண்டு நடவடிக்கை எடுத்தார்கள். ஏரிக்கரையில் எச்சரிக்கைப் பலகை வந்தது, கூண்டு கேட்டு எழுதினார்கள், வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். துணி துவைக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். நான் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். மனதுக்குள் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தார். பிறகு கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அவர் மகன் கல்யாணப் படம். மேடையில் அவருக்குப் பக்கத்தில் அவர் அம்மா, அரக்குப் பட்டில், சிரித்துக்கொண்டு. அந்த அம்மா கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டார். நிற்க வைத்தது நான்.

"எங்கம்மாவ நிக்க வச்சவ நீ. ஏரியில ஒரு முதலைய படுக்க வைக்கிறதுக்கு உனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பலகை வைத்திருக்கிறார்களே, காவலரும் கண்ணால் பார்த்தாரே என்றேன். காவலர் நீ கூட்டிவந்த ஆள், பலகையும் உன் படத்தைப் பார்த்துத்தானே வைத்தார்கள் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அவர் கேலி பண்ணவில்லை என்பது அடுத்து அவர் பேசியதில் தெரிந்தது. தினமும் காலையில் அம்மா படத்துக்குப் பூ வைக்கிறேன், பொய் என்று தெரிந்துதான் வைக்கிறேன், அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது, ஆனால் ஓர் ஆள் மேல் பழி போடுவதற்கும் அந்தப் பழியைத் துடைப்பதற்கும் அந்த மாதிரிப் படம் போதாது அம்மா என்றார். இத்தனை வருடம் ஊரெல்லாம் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னது என்ன அர்த்தத்தில் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கோபத்தில் வாய் மறுபடி முந்திக்கொண்டது. அப்படியானால் அந்த அக்கா எதற்குச் சத்தியம் செய்ய வேண்டும், படம் நிஜம் என்று நான் செய்கிறேன், நான் சூடம் அணைக்கிறேன் என்றேன். அங்காளம்மன் விஷயத்தில் யாரும் விளையாட மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். சரி, நீ அணைத்தால் நான் விடுகிறேன் என்றார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு மாதிரி நிமிர்ந்தார். நான் கூப்பிடாமலேயே, நானும் வருகிறேன், நின்று பார்க்கிறேன் என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தை அமாவாசை அன்று காலையிலேயே போய்விட்டோம். மத்தியானத்துக்கு மேல் கால் வைக்க இடம் இருக்காது. கோயிலுக்கு எதிரே எல்லோரும் சூடம் ஏற்றும் கல் ஒன்று, கரியும் பிசுக்குமாக இருந்தது. உரக்கடைக்காரர் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்திருந்தார். அக்கா நாலடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படத்தை என் இடது கையில் பிடித்துக்கொண்டேன். சூடம் ஏற்றினார்கள். இந்தப் படத்தில் இருக்கிற முதலை நிஜம், நான் கொண்டுவந்து வைக்கவில்லை என்று சொன்னேன். கையை ஓங்கினேன்.

உரக்கடைக்காரர், பொறு என்றார். தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. "கம்ப்யூட்டர்ல அந்த முதலை மேல நீ கையே வைக்கலைன்னு சேத்து சொல்லு" என்றார்.

சுலபமான வார்த்தைதான். அவர் கேட்டது இந்தப் படத்தைப் பற்றி என்று எனக்குத் தெரியும். அப்படியே சொல்லி அணைத்திருந்தால் எந்தச் சாமியும் என்னைக் கேட்டிருக்காது என்றும் தோன்றியது. சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது.

"வச்சேன்" என்றேன். "ஐப்பசி அமாவாசை அன்னிக்கு எடுத்த கல்யாணப் படத்துல இது இருந்துச்சு. கட்டைன்னு நெனச்சு அழிச்சது நான்தான். அப்புறம் ஓணான்கூட இல்லன்னு உங்ககிட்ட சொன்னதும் நான்தான். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்தேன். இந்தப் படத்துல அத நான் தொடல."

ஓங்கிய கையை இறக்கினேன். சூடம் அணைந்தது. உள்ளங்கையில் ரூபாய் அளவுக்குத் தோல் சுருண்டது.

உரக்கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் போனார். தப்பாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே, மீதி நாலு ஆடும் உன்னிடமே இருக்கட்டும் என்றார். ஆளைக் குறை சொல்ல முடியாது, நாலு பேர் கேட்கும்படித்தான் சொன்னார். அக்கா அதற்கு, ஆடு உங்களுடையது, நாளைக்கு வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ஸ்பெஷல் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் கிடைத்தது. அக்கா ஜன்னல் பக்கம். நான் கையை ஊதிக்கொண்டு வந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், காதில் விழுந்ததாகவே காட்டவில்லை. ஏரி கண்ணில் பட்டதும் திரும்பினார்.

"நீ அந்தக் கல்யாணப் படம் எடுத்தது ஐப்பசி அமாவாசைன்னு சொன்ன இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அமாவாசன்னா நானும் ஏரியிலதான் இருந்திருப்பேன். எதிர்க்கரையில. அந்தப் படத்துல நான் இருந்தனா?"

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். படம் இல்லை, சாட்சி இல்லை. ஆனால் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்த பிறகு நடுவில் நிறுத்த முடியவில்லை.

"இருந்தீங்கக்கா. பச்சப் புடவ. தலையில துண்டு. ஆடுங்களும் இருந்துச்சு."

"அழிச்சிட்டியா?"

"ஆமாக்கா."

பஸ் ஏரிக்கரை வளைவில் மெதுவாகப் போனது. பொண்ணு வீட்டில் அழிக்கச் சொன்னார்களா என்று கேட்டார். அவர்கள் கவரைச் சொன்னார்கள், கரண்ட் கம்பியைச் சொன்னார்கள். அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

"உங்கள அழிக்கச் சொல்லி யாரும் கேக்கலக்கா" என்றேன். "நானாத்தான் அழிச்சேன்."